நிழலில் காய வேண்டிய வில்

அம்பத்தூரில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கொய்யா, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் வேரோடு சாய்ந்தது. நேராக ஓடிய ஒரு கிளையை மட்டும் விறகுக்குப் போகவிடாமல் எடுத்துவைத்தேன். கொய்யாக் கவையில் உண்டிவில் செய்து வளர்ந்தவன் நான். மகளுக்கு நிஜ வில்லே செய்து தர ஆசை. நன்றாகக் காயட்டும் என்று மொட்டை மாடியில் போட்டேன். சித்திரை பிறப்பதற்குள் கட்டையின் இரண்டு முனைகளிலும் சைக்கிள் சக்கரக் கம்பிகள்போல வெடிப்பு. ஒன்றில் ஐந்து ரூபாய் நாணயமே நுழைந்தது.

வீட்டு வேலைக்கு வந்த ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பச்சை மரத்த வெயில்ல போடலாமா சார்? நிழல்ல போட்டு மறந்துடணும். அதுவாக் காயணும்” என்றார்.

அவர் சொன்னதன் காரணம் மரத்துக்குள் இருக்கிறது. துவைத்த வேட்டியைப் பிழிந்தால் கொட்டும் தண்ணீர் வேறு, பிழிந்த பிறகும் நூலில் தங்கும் ஈரம் வேறு. மரத்திலும் அப்படித்தான். நுண்குழாய்களில் நிற்கும் தண்ணீர் முதலில் வெளியேறும். அதுவரை மரம் சுருங்காது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் செல் சுவரில் ஒட்டிய ஈரம் போகத் தொடங்கும். சுருக்கம் அப்போதுதான் ஆரம்பம். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இல்லை: வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. உருண்டைக் கட்டை எங்காவது வெடித்தே தீரும். முனைகளில் நிலைமை இன்னும் மோசம். குழாய்களின் வாய் அங்கே திறந்திருப்பதால் பக்கவாட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் ஈரம் போய்விடும்.

நாற்காலிக் காலில் சிறு வெடிப்பு இருந்தால் மக்கு வைத்து அடைக்கலாம். வில்லில் முடியாது. நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்பக்கம் நீள்கிறது, நம்மைப் பார்த்த பக்கம் நசுங்குகிறது. வெளிப்பக்கத்தில் குறுக்கே கீறல் இருந்தால் அங்கேயே முறியும். ஈரம் மிஞ்சினால் வளைந்த வில் பழையபடி நிமிராது. அளவுக்கு மீறி உலர்ந்தாலோ படீரென்று ஒடியும். வில் செய்கிறவர்கள் தேடும் பதம் 10 சதவீதத்தை ஒட்டிய ஈரம்.

பழமரங்களில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி பலாவைப் பற்றியது. தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாவில் பிறப்பது நமக்குத் தெரியும். வட அமெரிக்காவில் வில்லுக்கென்றே பேர்போன ஓசேஜ் ஆரஞ்சு, பெயரில் ஆரஞ்சு இருந்தாலும், பலாவோடு ஒரே மல்பெரிக் குடும்பம். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே ‘வில்மரம்’. இரண்டின் வைரமும் மஞ்சள். இரண்டிலும் மோரின் என்ற சாயப்பொருள் உண்டு. பலாவின் அடர்த்தி குறைவு என்பதால் வில்லைக் கொஞ்சம் அகலமாகச் செதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த முறை ஆவடியில் ஒரு வீட்டில் வெட்டிய பலாக் கிளை கிடைத்தது. அன்றே ஆப்பு வைத்து நீளவாக்கில் பிளந்தோம். பட்டையை உரித்து, முனைகளை உருக்கிய மெழுகால் அடைத்து, கீழே ரீப்பர் கொடுத்து மாடிப்படிக்கு அடியில் அடுக்கினோம். ஞாயிறுதோறும் தராசில் நிறுத்துச் சுவரில் எழுதுவது மகளின் வேலை. அறுத்த ஒரு சிறு துண்டை அடுப்பில் 100 டிகிரி சூட்டில் எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை வைத்தாள். 56 கிராம் 50 ஆனது. போன 6 கிராமை மிஞ்சிய 50-ஆல் வகுத்தால் 12 சதவீதம்.

கடைசி இரண்டு சதவீதத்துக்கு நம் மேற்குப் புறநகர் உதவுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நின்றால் மரம் 14-க்குக் கீழே இறங்காது. ஆனால் கத்திரி நாட்களில் கடல்காற்று மெரினாவைத் தொட்டு வெகுநேரம் கழித்தே ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வந்து சேரும். அதுவரை அடிப்பது வறண்ட மேற்குக் காற்று. செதுக்க ஏற்ற பருவம் அதுதான். ஐப்பசி அடைமழையில் அதே பலாக்கட்டை 20 கிராம் கூடியிருந்தது. “மறுபடியும் தண்ணி குடிச்சிருக்குப்பா” என்று சொல்லி, பழைய எண்ணுக்குக் கீழே புது எண்ணை எழுதினாள்.