சத்தம் வருது, படம் வரலையா? டி.வி.யை எடைக்குப் போட்டுடாதீங்க!

புதுக்கோட்டை:-

தமிழக அரசு 2006-ம் ஆண்டு தொடங்கிய இலவச கலர் டி.வி. திட்டத்தில் புதுக்கோட்டை மாவட்ட வீடுகளுக்கும் 14 அங்குல பெட்டி வந்தது. அது பிக்சர் டியூப் டி.வி. இப்போது சுவரில் தொங்குவது எல்.இ.டி. டி.வி. இதன் வைத்தியமே வேறு.

இதில் படம் காட்டும் பேனலுக்கு சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் உள்ள எல்.இ.டி. பட்டைதான் வெளிச்சம் தருகிறது. அதில் ஒரு பல்பு போனாலே மொத்த திரையும் இருண்டு போகலாம். சத்தம் மட்டும் கேட்கும். 'பேனல் போச்சு' என்று பயந்து பலர் புது டி.வி.க்கு கடன் வாங்குகிறார்கள்.

வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் டி.வி. திரையில் செல்போன் டார்ச்சை சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாக தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது. பட்டையோ, அதற்கு கரண்ட் தரும் போர்டோதான் பழுது. மெக்கானிக்கிடம் சொல்லி அதை மட்டும் மாற்றலாம். பின்மூடியை நீங்களே கழற்றாதீர்கள், ஷாக் அடிக்கும்.

திரை உடைந்திருந்தால் கதை வேறு. புது பேனல் விலை கிட்டத்தட்ட புது டி.வி. விலைக்கே வந்துவிடும்.

பிரைட்னஸை குறைத்து வைத்தால் பட்டை நீடிக்கும். இடி, மின்னல் நேரத்தில் பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றிடுங்க.