தரவுத்தளம் பழகுவோம் – 7: கடவுச்சொல்லை மாற்றும் முன்

போன வாரம் உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் நிறுவினோம். இனி உள்ளே நுழைய வேண்டும். பிஜிஅட்மினில் புதிய சர்வரைச் சேர்க்கப் போனால் ஹோஸ்ட், போர்ட், தரவுத்தளம், பயனர் பெயர், கடவுச்சொல் என்று கட்டங்கள் வரும். சர்வர் உங்கள் கணினியிலேயே இருப்பதால் ஹோஸ்ட் 'லோக்கல்ஹோஸ்ட்'. போர்ட் 5432. நிரப்ப ஒரு நிமிடம் போதும்.

இணைப்பு கிடைக்காவிட்டால் பலரும் உடனே கடவுச்சொல்லை மாற்றிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். எதுவரை போய் எங்கே நின்றோம் என்பது அதிலேயே இருக்கிறது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் உங்கள் கடவுச்சொல் சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை. சர்வர் ஓடவில்லை, அல்லது அந்த முகவரியிலும் போர்ட்டிலும் அது இல்லை. வேறு கணினியிலிருந்து இணையும்போது இது சகஜம். 'லிசன்_அட்ரஸஸ்' அமைப்பை நாம் மாற்றாதவரை போஸ்ட்கிரெஸ் சொந்தக் கணினியின் அழைப்பை மட்டுமே ஏற்கும். வெகுநேரம் காத்திருந்து 'டைம் அவுட்' ஆனால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள்.

புதியவர்களை அதிகம் குழப்புவது இன்னொன்று. பிஜிஅட்மினில் உள்ளே விடும் அதே பயனர் பெயரை டெர்மினலில் பிஎஸ்கியூஎல்லுக்குக் கொடுத்தால், கடவுச்சொல்லைக் கேட்காமலேயே 'பியர் ஆத்தன்டிகேஷன் ஃபெயில்டு' என்று திருப்பி அனுப்பிவிடும். ஹோஸ்ட் கொடுக்காததால் பிஎஸ்கியூஎல் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் போயிருக்கிறது. அந்த வழியில் வருபவர் லினக்ஸில் எந்தப் பெயரில் லாகின் செய்திருக்கிறார் என்று சர்வர் இயங்குதளத்திடமே விசாரிக்கும். அந்தப் பெயரும் தரவுத்தளப் பயனர் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் அனுமதி. கட்டளையில் '-எச் லோக்கல்ஹோஸ்ட்' சேர்த்துப் பாருங்கள். டிசிபி வழியாகப் போய்க் கடவுச்சொல் கேட்கும். மைஎஸ்கியூஎல் பழகியவர்கள் கவனிக்க: லினக்ஸில் அதற்கு லோக்கல்ஹோஸ்ட் என்றாலே சாக்கெட்தான். டிசிபி வேண்டுமானால் 127.0.0.1 என்று எழுத வேண்டும்.

யாரை எப்படிச் சோதிப்பது என்ற விதிகள் 'பிஜி_எச்பிஏ.கான்ஃப்' கோப்பில் இருக்கின்றன. சர்வர் அதை மேலிருந்து படித்து, பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். அந்த வரியின் சோதனையில் தோற்றவருக்கு அடுத்த வரியில் வாய்ப்பு கிடையாது. அவசரத்துக்கு 'ட்ரஸ்ட்' என்று போடச் சொல்லும் யோசனையை நான் ஏற்கவே மாட்டேன்: அந்த வரிக்குப் பொருந்துகிற எவரும் கடவுச்சொல்லே இல்லாமல், சூப்பர்யூசராகக்கூட நுழையலாம். 'ஸ்க்ரம்-ஷா-256' போடுங்கள். கோப்பைத் திருத்தியபின் ரீலோட் செய்தால் போதும். லிசன்_அட்ரஸஸை மாற்றினால் மட்டும் ரீஸ்டார்ட் வேண்டும்.

சர்வர் வெளியே எங்கோ இருந்தால் 'எஸ்எஸ்எல்மோட்' என்ற அளவுருவையும் பாருங்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது 'ப்ரிஃபர்': குறியாக்கம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் தரவு அப்படியே திறந்த நிலையில் போகும். 'ரிக்வயர்' குறியாக்கத்தைக் கட்டாயமாக்கும். ஆனால் எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்பதை உறுதிசெய்ய அதை மட்டும் நம்ப முடியாது. சான்றிதழையும் ஹோஸ்ட் பெயரையும் சேர்த்துச் சரிபார்ப்பது 'வெரிஃபை-ஃபுல்'. வாடிக்கையாளர் விவரம் இருக்கும் தரவுத்தளத்துக்கு இதற்குக் குறைந்த எதையும் வைக்காதீர்கள்.