தொலைக்கல்வியிற் கணினியியலும் புள்ளிவிபரவியலும்



தொழில் பார்த்துக்கொண்டே பட்டம் பெற விழையும் இளைஞர் சிலர் பாடசாலை அதிபர்களிடம் வந்து கேட்கும் வினா ஒன்று உண்டு. “கணினியியலைக் கற்பதா, புள்ளிவிபரவியலைக் கற்பதா? இரண்டையும் ஒருங்கே கற்றல் கூடுமா? அதுவும் வீட்டிலிருந்தவாறே, தொலைக்கல்வி வாயிலாகக் கற்றல் கூடுமா?” என்பதே அவ்வினா. நான் கலைப் பட்டதாரி. இவ்விரு துறைகளிலும் பட்டம் பெற்றவனல்லன். ஆயினும், ஆண்டுதோறும் பரீட்சைப் பெறுபேற்று அட்டவணைகளைக் கையில் வைத்துக்கொண்டு விடை சொல்லவேண்டிய அதிபர் என்ற முறையில், எண்களை எண்ணத் தெரிந்தும் எடைபோடத் தெரியாமையால் விளையும் கேட்டை நேரிற் கண்டவன். அதுபற்றியே இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

முதலில் இவ்விரு துறைகளும் யாவை எனப் பார்ப்போம். ஒரு வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, அப்படிகளைப் பிழையின்றி வரிசைப்படுத்தி, ஒரு பொறி தானே செய்து முடிக்குமாறு கட்டளையிடும் கலையே கணினியியல். குறைந்த சான்றுகளைக் கொண்டு ஒரு முடிவுக்கு வரும்போது, அம்முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அளந்து சொல்லும் கலையே புள்ளிவிபரவியல். முன்னையது கையின் வேகத்தைப் பெருக்குவது. பின்னையது மனத்தின் அவசரத்தைக் கட்டுப்படுத்துவது.

இவை இரண்டும் இன்று நேற்று உறவு கொண்டவையல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1880ஆம் ஆண்டு எடுத்த குடிசனக் கணக்கைக் கையாலே தொகுத்து முடிப்பதற்கு ஏழெட்டு ஆண்டுகள் சென்றன. அடுத்த கணக்கெடுப்பு வருமுன் முந்தியது முடியாதுபோகுமோ என அஞ்சிய வேளையில், ஹெர்மன் ஹோலரித் என்பவர் ஒரு வழி கண்டார். ஒவ்வொருவருடைய விபரத்தையும் ஓர் அட்டையில் துளைகளாக இட்டு, அத்துளைகளினூடே மின்சாரம் பாயும்போது எண்ணிக்கை தானே பதியுமாறு ஒரு பொறியை அமைத்தார். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 6 கோடிக்கு மேற்பட்ட மக்களின் விபரங்களை அப்பொறி தொகுத்தது. அவர் நிறுவிய கம்பனி வேறு கம்பனிகளோடு 1911இல் இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது. மக்களைக் கணக்கெடுக்கும் தேவையே கணிக்கும் பொறியின் வளர்ச்சிக்கு இவ்வாறு வித்திட்டது.

இங்கிலாந்திலும் இவ்வுறவைக் காணலாம். றோதம்ஸ்டெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்திற்கு 1919இல் வந்து சேர்ந்த ரொனால்ட் பிஷர், பயிர்ச் சோதனைகளிற் கிடைத்த அளவீடுகளை ஆராய்ந்து, புள்ளிவிபரவியலின் அடிப்படை முறைகள் பலவற்றை வகுத்தார். கையாற் சுழற்றும் கணிக்கும் பொறிகளைக்கொண்டு நடந்துவந்த அந்நிலையத்திற்கு 1954இல் எலியட் 401 என்னும் மின்னணுக் கணினி வந்தது. வயலிலே விளைந்த வினாவுக்குப் பொறி விடை தேடிற்று.

இனி, நம் பாடசாலை ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். சிறிய பாடசாலை ஒன்றில், ஒரு பாடத்திற்கு 10 மாணவர் தோற்றுகின்றனர். சென்ற ஆண்டு 7 பேர் சித்தியடைந்தனர். இவ்வாண்டு 5 பேர் சித்தியடைந்தனர். “நூற்றுக்கு 70 ஆக இருந்தது 50 ஆக வீழ்ந்துவிட்டது” என்று கூட்டத்திலே ஒருவர் எழுந்து கூறுவார். உடனே எல்லோர் கண்ணும் அப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் மீது திரும்பும். அவர் சென்ற ஆண்டு மாலை பெற்றவர். இவ்வாண்டு பழி பெறுகிறார். ஆனால் அவ்வீழ்ச்சி அவருடைய கற்பித்தலால் நேர்ந்ததுதானா?

இதை ஆராய்வதற்கு ஒரு முட்டியும் 10 கடதாசித் துண்டுகளும் போதும். ஆசிரியரின் திறமை இரு ஆண்டுகளிலும் ஒரே தன்மையது என்றும், மாணவர் ஒவ்வொருவரும் சித்தியடையும் நிகழ்தகவு பத்தில் ஆறு என்றும், ஒருவருடைய பெறுபேறு மற்றவருடையதைத் தாக்காது என்றும் வைத்துக்கொள்வோம். 6 துண்டுகளில் ‘சித்தி’ என எழுதி, 4 துண்டுகளை வெறுமையாக விட்டு, முட்டியில் இட்டுக் குலுக்குக. கண்ணை மூடி ஒரு துண்டை எடுத்துக் குறித்துக்கொண்டு, அதனை மீண்டும் முட்டியில் இடுக. இவ்வாறு 10 முறை எடுத்தால் ஓர் ஆண்டின் பெறுபேறு ஆயிற்று. ஒரு முறை 7 வரும். ஒரு முறை 5 வரும். ஒரு முறை 8 வரும். ஒரு முறை 4 வரும். பல நூறு ஆண்டுகளுக்கு இவ்வாறு எடுத்துப் பார்த்தால், நூற்றுக்கு ஏறக்குறைய 37 ஆண்டுகளில் 5 பேரோ அதனிற் குறைந்தவரோ சித்தியடைவர். நூற்றுக்கு ஏறக்குறைய 38 ஆண்டுகளில் 7 பேரோ அதனிற் கூடியவரோ சித்தியடைவர். கற்பித்தலில் அணுவளவு மாற்றமும் இல்லாதபோதே இவ்வளவு ஏற்றமும் இறக்கமும் நிகழ்கின்றன. ஆகவே 7, 5 என்னும் இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆசிரியருக்கு மாலை சூட்டுவதும் பிழை. பழி சூட்டுவதும் பிழை. பல ஆண்டுப் பெறுபேறுகளையும் வேறு சான்றுகளையும் சேர்த்துப் பார்த்த பின்னரே தீர்ப்புச் சொல்லலாம்.

இங்கேதான் இரண்டு கலைகளும் கைகோக்கின்றன. எந்த வினாவைக் கேட்கவேண்டும், முட்டியில் எந்தத் துண்டுகளை இடவேண்டும் என்று சொல்வது புள்ளிவிபரவியல். முட்டியை 10,000 முறை குலுக்கி எடுத்துப் பார்க்க மனிதக் கைக்குப் பொறுமை இல்லை. பைதன் என்னும் செய்நிரல் மொழியிற் சில வரிகளை எழுதினால், கணினி அவ்வேலையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். தேற்றங்களைக் கண்டு அஞ்சும் மாணவனும், நிகழ்தகவு எப்படி நடந்துகொள்கிறது என்பதை இவ்வாறு கண்ணாரக் கண்டு தெளியலாம்.

அப்படியானால் வேகமான பொறியும் பெருந்தொகையான தரவுகளும் இருந்தாற் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு 1936ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் சான்று. ‘லிட்டரரி டைஜெஸ்ட்’ என்னும் சஞ்சிகை ஏறக்குறைய ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளை அனுப்பிற்று. 20 இலட்சத்துக்கு மேற்பட்டவை நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, லாண்டன் என்பவரே வெல்வார் என்று அது அறிவித்தது. வென்றவரோ ரூஸ்வெல்ட், அன்றிருந்த 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம் நின்றன. தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வாகனம் வைத்திருந்தோர் முதலியோரின் பட்டியல்களிலிருந்தே அச்சஞ்சிகை பெயர்களைப் பெரும்பாலும் எடுத்திருந்தது. பொருளாதார நெருக்கடி மிகுந்த அக்காலத்தில் அத்தகையோர் வசதி படைத்தவர். அன்றியும், சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பியோரும் அனுப்பாதோரும் ஒரே மனப்பான்மை உடையவரல்லர். அதனினும் மிகச் சிறிய மாதிரியைக் கவனமாகத் தெரிந்தெடுத்த ஜோர்ஜ் கலப், ரூஸ்வெல்ட் வெல்வார் எனச் சரியாகச் சொன்னார். பானை பெரிதாயிருந்ததனாற் சோறு வெந்துவிடுவதில்லை.

இரு துறைகளையும் சேர்த்துக் கற்கவேண்டும் என்பதற்கு என் மனத்திற் படும் முதன்மையான காரணம் இதுவே. செய்நிரலில் ஓர் அடைப்புக்குறி தவறினாலும் கணினி பெரும்பாலும் அவ்விடத்திலேயே நின்று பிழையைக் காட்டிவிடும். புள்ளிவிபரப் பிழை அவ்வாறன்று. பொருந்தாத மாதிரியைக் கொடுத்தாலும் கணினி முறைப்பாடு செய்யாது. தசமதானங்களோடு அழகான ஒரு விடையை அச்சிட்டுத் தரும். முன்னைய பிழை சத்தமிடும். பின்னைய பிழை மௌனமாக இருக்கும். கணினியை மட்டும் கற்றவனுக்கு மௌனப் பிழை தெரியாது. புள்ளிவிபரத்தை மட்டும் கற்றவன் பெருந்தரவின் முன் கை கட்டி நிற்பான்.

இனி, இவற்றை வீட்டிலிருந்து கற்கும் வழிக்கு வருவோம். இதற்கு நல்ல உதாரணம் பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம். 1963ஆம் ஆண்டு, எதிர்க்கட்சித் தலைவராயிருந்த ஹரல்ட் வில்சன், வானலை வழியாக இயங்கும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கிளாஸ்கோ நகரிற் பேசினார். அவர் பிரதமரானபின், ஜெனி லீ என்னும் அமைச்சர் அதனை உருவாக்க உழைத்தார். 1969இல் அரச பட்டயம் கிடைத்தது. 1971இல் முதல் மாணவர் கற்கத் தொடங்கினர். பி.பி.சி. வானொலியிலும் தொலைக்காட்சியிலும், பெரும்பாலும் பின்னிரவிலும் அதிகாலையிலும் ஒலிபரப்பாகிய அதன் பாடங்கள் 2006 வரை நீடித்தன. இன்று அச்சுநூல்களும் இணையமும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. இளமாணிப் படிப்பிற் சேர்வதற்கு, பொதுவாக முன்தகைமை எதுவும் கேட்பதில்லை என்பது அதன் தனிச்சிறப்பு. கதவு திறந்திருக்கும், ஆயினும் வெளியேறும் வாயிலில், ஏனைய பல்கலைக்கழகங்களுக்கு நிகரான தரம் கேட்கப்படும்.

அங்கே சிறப்புப் பட்டத்திற்கு 360 மதிப்பலகுகள் வேண்டும். ஓரலகுக்கு ஏறக்குறைய 10 மணித்தியாலப் படிப்பு எனக் கொண்டால், முழுப் பட்டத்திற்கும் 3,600 மணித்தியாலம் ஆகும். தொழில் செய்வோர் ஆண்டுக்கு 60 அலகுகளைக் கற்பது வழக்கம். ஆகவே 6 ஆண்டுகள் வேண்டும். பாடங்கள் நடைபெறும் மாதங்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம், ஞாயிறு உட்பட, ஒதுக்கவேண்டும் என்பது இதன் பொருள். சேர விரும்புவோர் கட்டணத்தைக் கணக்கிடுமுன் இந்த இரண்டரை மணித்தியாலம் எங்கேயிருந்து வரும் என்று கணக்கிடுதல் நன்று. அது உறக்கத்திலிருந்து வரலாம். பிள்ளைகளோடு கழிக்கும் மாலையிலிருந்து வரலாம். தொலைக்கல்வியிற் சேர்ந்தோர் அனைவரும் முடிப்பதில்லை. பலரை நிறுத்துவது அறிவுக்குறைவன்று, நேரக்குறைவே.

இரு துறைகளையும் இணைத்துக் கற்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதற்படியில் செய்நிரலாக்கத்தின் தொடக்கமும், அடிப்படைக் கணிதமும், தரவுகளை வரைபிலும் அட்டவணையிலும் அமைக்கும் முறைகளும் வரும். இரண்டாம் படியில் தரவுகளை ஒழுங்குபடுத்திச் சேமிக்கும் வழிகளும் நிகழ்தகவும் வரும். மூன்றாம் படியில், ஒரு கணியம் மற்றொன்றோடு எவ்வாறு மாறுகிறது என எதிர்வுகூறும் மாதிரியுருக்களும், மாணவர் தாமே செய்து முடிக்கும் செயற்றிட்டமும் வரும். கணிதம் பலவீனமாயிருப்போர் முதற்படிக்கு முன்னரே சில மாதங்களை அதற்கெனச் செலவிடல் வேண்டும். அத்திவாரம் இடாமற் கூரை வேயமுடியாது.

தனியே கற்போருக்கு மூன்று யோசனைகள் சொல்வேன். ஒன்று: ஒவ்வொரு முறையையும் முதலிற் பத்துப் பன்னிரண்டு எண்களைக் கொண்டு கையாற் செய்து பார்த்து, பின்னரே கணினியிடம் ஒப்படையுங்கள். கை அறியாததைப் பொறி செய்தால் விடை வருமேயன்றி விளக்கம் வராது. இரண்டு: போதனாசிரியர் திருத்தித் தரும் ஒப்படைகளை ஒருபோதும் தவறவிடாதீர்கள். சத்தமிடும் பிழையைக் கணினி காட்டும். மௌனப் பிழையைக் காட்ட ஒரு மனிதர் வேண்டும். தொலைவிலிருந்து கற்பவனுக்கு, தன் வேலையைப் படித்துப் பார்க்கும் அவ்வொருவரே வகுப்பறை. மூன்று: எந்த நாட்டு நிறுவனத்திற் சேர்ந்தாலும், அதன் பட்டத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பணம் கட்டுமுன் விசாரியுங்கள்.

தூரத்திலிருந்து பட்டம் பெறுதல் நம் தீவுக்குப் புதிதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் தன் பரீட்சைகளை வெளியாருக்கு 1858இலே திறந்துவிட்டது. 1921இற் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, மாணவரை அப்பரீட்சைகளுக்கே ஆயத்தம் செய்தது. 1980இல் நாவலையில் நமக்கென ஒரு திறந்த பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டது. மண்ணெண்ணெய் விளக்கின் முன்னிருந்து இலண்டன் பட்டம் பெற்றோரின் பேரப்பிள்ளைகளுக்கு இவ்வழி அந்நியமானதன்று.

நேயர்களே, இரு துறைகளையும் கற்றோருக்கு நல்ல உத்தியோகம் கிடைக்கலாம், அது மகிழ்ச்சியே. எனினும் என் எண்ணம் அந்தச் சிறிய பாடசாலைக்கே திரும்புகிறது. பத்து மாணவரின் பெறுபேற்றை வைத்து ஓர் ஆசிரியருக்குத் தீர்ப்பு எழுதும் கூட்டத்திலே, எழுந்து நின்று, “சற்றுப் பொறுங்கள், இவ்வளவு மாற்றம் தற்செயலாகவே நேரக்கூடும், இதோ செய்து காட்டுகிறேன்” என்று சொல்லத் தெரிந்த ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பாராயின், அவர் கற்ற 3,600 மணித்தியாலமும் வீண்போகாது.