நீறு பூத்த நெருப்பு: சாம்பல் வாளி எப்படி இருக்கணும்?

2011, கிறிஸ்துமஸ் அதிகாலை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணம், ஸ்டாம்ஃபோர்டு நகரில் ஒரு வீடு எரிந்து 3 சிறுமிகளும் அவர்களின் தாத்தா, பாட்டியும் உயிரிழந்தனர். கணப்பு அடுப்பிலிருந்து அள்ளிப்போட்ட சாம்பலில் இருந்த தணல்தான் காரணம் என்று நகர அதிகாரிகள் தெரிவித்தனர்.

அணைஞ்ச சாம்பல்தானே, என்ன ஆகிடும்?

மேலே ஆறிப்போன மாதிரிதான் தெரியும். ஆனால் சாம்பல் ஒரு போர்வை. உள்ளே இருக்கும் தணலின் சூட்டை வெளியே விடாது. காற்றும் மெதுவாகவே உள்ளே போவதால், தணல் 3, 4 நாள்கூட கனன்றுகொண்டிருக்கலாம். பிளாஸ்டிக் வாளி, காகிதப் பை, அட்டைப்பெட்டி எதுவும் இதைத் தாங்காது.

அப்போ எதில் அள்ளுவது?

கனமான இரும்பு வாளியில். அதில் கவனிக்க வேண்டியவை 3:

* மூடி: இறுக்கமாகப் பொருந்தணும். ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் தணல் அணையும், பொறியும் பறக்காது.
* அடிப்பகுதி: தரையில் படியாமல் சற்று உயர்ந்திருந்தால் சூடு கீழே இறங்காது.
* இணைப்புகள்: வெல்டிங் அல்லது ரிவெட் அடித்திருக்கணும். ஈயப் பற்று சூட்டில் உருகிவிடும்.

எங்கே வைப்பது?

வெளியே, வீட்டிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி. மரத் தளத்தின் மீது வேண்டாம். கார் நிறுத்தும் அறையும் கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. மூச்சில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

குப்பைத்தொட்டியில் கொட்டும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிடுங்கள். வாளி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது.