உப்புக்காற்றில் அபூர்வக் கனிகள்

சென்னை இராயபுரத்துத் தள்ளுவண்டியில் கொய்யாவையும் பப்பாளியையும் சப்போட்டாவையும் பேரம் பேசி வாங்குகிற நாம், இவையனைத்தும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் மரக்கலங்களின் தயவால் உலகெங்கும் பரவிய கனிகள் என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஆசையோடு தின்னும் கொடுக்காப்புளியும் மெக்ஸிகோ தேசத்தில் பிறந்து, ஸ்பானியர் கப்பலேறிப் பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்து, பின்னரே நம் நாட்டுக்கு வந்தது. ஆகவே, அபூர்வமானதொரு பழத்தின் விதையை வீட்டில் ஊன்றிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை, துறைமுகத்தை அண்டி வாழும் மக்களுக்கு மிகவும் பொருத்தமானதே. அந்த ஆசை பலிக்க வேண்டுமானால், விதையின் சுபாவத்தையும் இடத்தின் சுபாவத்தையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பப்பாளி, சீத்தா முதலியவற்றின் விதைகளை நிழலில் உலர்த்திச் சில மாதங்கள் பத்திரப்படுத்தலாம். பப்பாளி விதையை மட்டும், அதன்மேல் உள்ள வழவழப்பான உறை நீங்கும்படி கசக்கிக் கழுவிய பிறகே உலர்த்த வேண்டும். மா, பலா, நாவல், ரம்புட்டான், மங்குஸ்தான் ஆகியவற்றின் விதைகளோ உலர்ந்தால் ஜீவனை இழந்துவிடும். இவற்றை உலர்விதைப் பொட்டலமாக வாங்குவது வீண் செலவு. புதுப்பழத்தை வாங்கி உண்டு, அன்றைக்கே விதையை ஊன்றுவதுதான் உசிதம்.

இனி, இடத்தின் சுபாவம். மங்குஸ்தானும் துரியனும் நம் மாநிலத்திலேயே காய்க்கின்றன. நீலகிரிச் சரிவில், 1871 முதல் அரசாங்கத்தின் பராமரிப்பில் உள்ள பர்லியார் தோட்டத்திலும், 1900-இல் தோன்றிய கல்லாறு பண்ணையிலும் அவற்றைக் காணலாம். அங்கே ஈரக்காற்றும் நிழலும் ஓடைநீரும் உண்டு; நம் கடற்கரை எண்ணூரிலோ உப்புக்காற்றும், பல இடங்களில் உவர்நீர்க் கிணறும். இங்கே மங்குஸ்தான் முளைத்தாலும் இலைகள் ஓரம் கருகி வாடும். சப்போட்டா, இலந்தை, களா, கொடுக்காப்புளி ஆகியவை உப்பை ஓரளவு சகித்துக்கொண்டு வளரும்.

வெளிநாட்டிலிருந்து விதை தருவிக்க விரும்புவோர், 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் பெறுவது அவசியம். இந்த நிர்ப்பந்தம் காரணமின்றி ஏற்பட்டதன்று. மெக்ஸிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைப் பாழாக்கியது. 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்துப் பரப்பிய பின்னரே அது அடங்கிற்று.

செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து, அடியில் துளையிட்ட தொட்டியில் நிரப்பி, விதையின் பருமனைப்போல் இருமடங்கு ஆழத்தில் ஊன்றி, நாற்றுப் பருவம் வரையில் சேமித்த மழைநீரையோ குழாய் நீரையோ வார்த்து, வெயிலின் உக்கிரம் தாக்காமல் காத்தால் பெரும்பாலும் பலன் உண்டு. பப்பாளி ஓராண்டுக்குள் காய்க்கும். விதையிலிருந்து வளர்த்த சப்போட்டாவோ ஆறேழு ஆண்டுகள் காக்க வைத்து, தாய்மரத்தினின்றும் வேறுபட்ட கனியையும் தரக்கூடும்.

தூரதேசத்துப் பழமே அபூர்வம் என்று எண்ணுகிற நமக்கு, அண்டையில் உள்ள அபூர்வம் ஒன்றை எடுத்துரைப்பது என் கடமை. சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காடுகளிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் வளர்கின்ற உலக்கைப் பாலை, ஈழத்து வன்னியில் மக்கள் விரும்பியுண்ணும் பாலைப்பழத்தைத் தரும் மரம். மஞ்சள் நிறமும் தேன்சுவையும் உடைய சிறு கனி அது. சப்போட்டாவை ஒட்டுக்கட்டும் வேர்ச்செடியாகவும் இம்மரத்தின் கன்று பயன்படுகிறது. அது மெல்ல வளர்ந்து பெருமரமாகும் ஜாதியாதலால், மொட்டை மாடியில் கன்றை மட்டும் வளர்த்து, ஐப்பசி மழை தொடங்கும்போது பள்ளி வளாகத்திலோ, கோயில் நிலத்திலோ, தொழிற்சாலை மதிலோரத்திலோ நட்டுவிட வேண்டும். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பரந்த வளாகங்களை உடைய ஆலைகள் அழகுச் செடிகளுக்கு வார்க்கும் நீரில் ஒரு பங்கை இதற்கு அளிக்குமாயின், இக்கரையில் அருகிவரும் ஒரு கனி இங்குள்ள குழந்தைகளின் கைக்கு மீண்டும் எட்டும்.