வால்வு ஆம்பிளிஃபயரில் வரும் இரண்டு 'உம்'கள்

குப்பத்தில் எங்கள் வீட்டு வால்வு ரேடியோ, ஸ்விட்சைப் போட்டதும் பாடிவிடாது. குழல்கள் சூடேற அரை நிமிடம் ஆகும். முதலில் மெல்லியதாக ஒரு 'உம்' கேட்கும். பிறகுதான் இலங்கை வானொலி வரும். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்த எங்களுக்குத் தமிழ்ப் பாட்டு வந்த வாசல் அது. அந்த 'உம்' எங்கிருந்து வந்தது என்பது, நானே ஒரு முன்பெருக்கி (கடையில் 'பிரீ-ஆம்ப்' என்பார்கள்) செய்யப் போனபோதுதான் புரிந்தது. நம் பிள்ளைகள் பிற மொழிகளில் படிப்பவர்கள் என்பதால் கடைப் பெயர், தமிழ்ப் பெயர் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். 1904-ல் ஃபிளெமிங் இரண்டு முனைகளோடு செய்ததில், 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். உள்ளே கேத்தோடு சூடேறினால் எலக்ட்ரான்கள் கிளம்பி, உயர் மின்னழுத்தம் உள்ள ஆனோடை நோக்கி ஓடும். நடுவில் இருக்கும் 'கிரிட்' என்னும் அந்த வலை, ஏரி மதகின் பலகை மாதிரி. பலகையைச் சற்றே அசைத்தால் பெருந்தண்ணீர் கூடிக் குறைகிறதல்லவா? பெருக்கம் என்பது அவ்வளவுதான்.

முன்பெருக்கிக்கு ஏற்றது ஈ.சி.சி.83. ஒரே குழலில் இரண்டு டிரையோடு. 1954-ல் தொடங்கிய பெங்களூரு பி.இ.எல். நிறுவனம் ஒரு காலத்தில் இதைத் தயாரித்தது. குப்பத்திலிருந்து ரயிலேறி எஸ்.பி. ரோட்டுக்குப் போய் நான் வாங்கி வந்ததும் பி.இ.எல். குழல்தான். இன்று ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில் செய்கிறார்கள். ஆனோடில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 1.5 கிலோ ஓமும் அதன் குறுக்கே ஒரு கண்டன்சரும், கிரிட்டில் 1 மெகா ஓம் வைத்தால் ஒரு பாதியிலேயே ஐம்பது அறுபது மடங்கு பெருக்கம் கிடைக்கும். இந்தப் பகுதியை ஒரு மாலையில் முடித்துவிடலாம். பெரிய வேலை பவர் சப்ளையில்தான், ஏனென்றால் அதில் உள்ள அழுக்கும் பாட்டோடு சேர்ந்து பெருகும்.

250-0-250 வோல்ட் மின்மாற்றியும் இரண்டு 1என்4007 டையோடும் வைத்தால், கண்டன்சரில் உச்ச அழுத்தமான 353 வோல்ட் ஏறும். இரவில் நம் பக்கம் லைன் வோல்ட்டேஜ் கூடினால் இன்னும் ஏறும். ஆகவே 450 வோல்ட் தாங்கும் கண்டன்சரே வாங்க வேண்டும். முதல் 47 மைக்ரோஃபாரடுக்குப் பின் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன்பின் இன்னொரு 47 மைக்ரோஃபாரடு. 100 ஹெர்ட்ஸ் அலைக்கு அந்தக் கண்டன்சர் சுமார் 34 ஓம் தடைதான். எனவே மிச்சமிருக்கும் அலை ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. குழல் இழுப்பது 2 மில்லி ஆம்பியர் என்பதால் நஷ்டம் வெறும் 20 வோல்ட். இவ்வளவு மலிவான சுத்திகரிப்பு வேறு எதிலும் கிடையாது!

அப்படியும் என் பெட்டி 'உம்' என்றது. கண்டன்சர் மேல் கண்டன்சராகச் சேர்த்தேன், காசுதான் போயிற்று. வீட்டில் சங்கீதம் கற்றவர் ஒருவர், "இந்த உம் ரொம்பக் கீழே இருக்குப்பா, மேல் ஸ்தாயி இல்லே" என்றார். அதுதான் விடை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முழு அலையாகத் திருத்திய சப்ளையின் அழுக்கு 100 ஹெர்ட்ஸ், அதாவது அதே சுரம், ஒரு ஸ்தாயி மேலே. கீழ் 'உம்' கேட்டால் குற்றவாளி பெரும்பாலும் சப்ளை வடிகட்டி அல்ல. ஹீட்டர் கம்பியோ, எர்த்து இணைப்போ, மின்மாற்றியின் காந்தப்புலமோதான். ஹீட்டரின் இரு கம்பிகளையும் முறுக்கி, சேசிஸ் மூலையோடு ஒட்டி ஓட்டினேன். இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களால் அவற்றின் நடுப்புள்ளியை எர்த்தில் சேர்த்தேன். பாதி போயிற்று. மின்மாற்றியைக் கழற்றித் தொண்ணூறு பாகை திருப்பி வைத்ததும் மீதியும் அடங்கியது.

இனிச் சொல்வதை இதைச் செய்ய நினைக்கும் எவரும் தாண்டிப் போக வேண்டாம். ஒருநாள் வால்வைக் கழற்றி வைத்துவிட்டு சப்ளையை மட்டும் சோதித்தேன். பிளக்கையும் பிடுங்கியாயிற்று. கரண்ட்தான் இல்லையே என்று கையை விட்டேன். ஸ்டூலோடு பின்னால் விழுந்தேன். முழங்கை வரை அரை மணி நேரம் மரத்துக் கிடந்தது. வால்வு இருந்தால் கண்டன்சரில் உள்ளது அதன் வழியாகக் கொஞ்சமாவது வடியும். வால்வும் இல்லை, வேறு வழியும் இல்லை. 350 வோல்ட்டும் அப்படியே காத்திருந்தது. அன்று மற்றக் கையும் சேசிஸைத் தொட்டிருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போயிருக்கும்.

இதற்கு மருந்து, முதல் கண்டன்சரின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. அரை வாட்டுக்குச் சற்று மேல் சூடாகும் என்பதால் 2 வாட். விலை சில ரூபாய். ஸ்விட்சை அணைத்த ஒரு நிமிடத்தில் சுமார் 20 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆனாலும் ரெசிஸ்டரின் கால் ஒடிந்திருக்கலாம், ஆகவே ஒவ்வொரு தடவையும் மீட்டரால் அளந்த பிறகே கை வைக்க வேண்டும். அதுவும் ஒரு கை மட்டும், மற்றது சட்டைப் பையில்.

பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகன் போன வருஷம் பெட்டியைக் கேட்டான். "மாமா, நானும் ஒண்ணு பண்றேன்" என்றான். வால்வைக் கொடுக்கவில்லை. அந்த ரெசிஸ்டரையும் ஒரு மீட்டரையும் கொடுத்து, சப்ளையை மட்டும் கட்டி, முள் இறங்குவதைக் காட்டிவிட்டு வந்து குழலை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். தீபாவளிக்குக் கொண்டுவந்து காட்டினான்.