வீட்டுச் சாமான் போதும்

யாழ்ப்பாணத்துப் பக்கம் நுங்குக் காலத்தில் போனால் பார்க்கலாம். இரண்டு கோம்பையைக் குச்சியில் கோர்த்து, கவைக் கம்பால் தள்ளிக்கொண்டு சின்னதுகள் ஓடும். பெரியவர்கள் துளை போட்டுக் கொடுத்தால் சரி, மற்றதெல்லாம் பிள்ளையின் கைவேலை. காசு கொடுத்து வாங்கியது ஒன்றுமில்லை.

எங்கள் தோட்டத்தில் பனை இல்லை, பரவாயில்லை. விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது அரிசி பரப்பி விரலால் எழுத வைக்கிறோமே, அதை மற்ற நாளிலும் செய்யலாம். மூன்று வயதுக் கைக்குப் பென்சில் கஷ்டம், விரல் சுலபம். எழுத்தே வேண்டாம்; கோடு, வட்டம் போதும்.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்து சமைக்கிற அம்மாவுக்கு ஏது நேரம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால் சமையலோடு ஒத்து வருவதைப் பாருங்கள். ரொட்டி மாவில் ஓர் உருண்டை கொடுங்கள், பாம்பு செய்யட்டும். உருளைக்கிழங்கைப் பெரிசு, சின்னது என்று பிரிக்கட்டும். வேலை செய்துகொண்டே பேச்சுக் கொடுங்கள். பிள்ளை சொல் கற்பது அப்படித்தான்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே புளியங்கொட்டை, பொத்தான் கொடுக்காதீர்கள், மூக்கிலும் தொண்டையிலும் அடைக்கும். குண்டுமணியில் நஞ்சே இருக்கிறது, எந்த வயதுக்கும் ஆகாது. மருந்தடித்து முடிந்த வெறும் கேன், போத்தலை எத்தனை தரம் கழுவினாலும் லயத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.